‘கர்’ என்று வாசித்த குழந்தைக்கு வாசிக்கத் தெரியும்

நீண்ட பதிவு. மொழியியலிலும் கல்வியியலிலும் ஆய்வு செய்யும் நண்பர்களையும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களையும் முன்னிறுத்தி எழுதுகிறேன். மறுப்புடையோர் பின்னூட்டத்தில் தாராளமாக மறுக்கலாம். முழுவதையும் வாசித்த பிறகு மறுக்க வேண்டுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்புக் குழந்தைகளின் வாசிப்பை அளக்க இன்று நம்மிடையே புழங்கும் முறைகளின் எலும்புக்கூடு ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்டல், சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துக் காட்டச் சொல்லுதல், பொருளற்ற சொற்களை வாசிக்க வைத்தல், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணுதல் ஆகிய யாவும் தமிழுக்கும் மராத்திக்கும் கன்னடத்துக்கும் ஏறத்தாழ அப்படியே பெயர்க்கப்படுகின்றன. அவ்வாறு பெயர்க்கும்போது அளவுகோலில் ஏற்படும் கோணல், குழந்தையின் குறையாகப் பதிவேட்டில் ஏறுகிறது. பயிலரங்குகளில் ‘வாசிப்பின் அறிவியல்’ என்று முழங்கும் நம் துறை நண்பர்கள் இதைப் பற்றி வாய்திறப்பதில்லை என்பதே என் சினத்துக்குக் காரணம்.

இம்முறைகள் வந்த வழியை நினைவுகூர்வோம். அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் உருவான ‘டிபெல்ஸ்’ என்னும் ஒரு நிமிடச் சோதனைத் தொகுதியின் வழித்தோன்றல்தான், 2006 முதல் ஆர்.டி.ஐ. இன்டர்நேஷனல் நிறுவனம் யுஎஸ்எய்ட், உலக வங்கி ஆகியவற்றின் ஆதரவோடு வளர்த்தெடுத்து உலகெங்கும் கொண்டுசென்ற ‘எக்ரா’ எனும் தொடக்க வகுப்பு வாசிப்பு மதிப்பீடு. இங்கிலாந்திலோ, 2006இல் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கைக்குப் பின் ஃபோனிக்ஸ் அரசுக் கொள்கையாயிற்று. 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை நடத்தப்படுகிறது. மொத்தம் 40 சொற்கள். அவற்றுள் 20 பொருளற்றவை. அவை பொருளற்றவை என்று குழந்தைக்குப் புரியும்பொருட்டு அருகில் ஒரு வேற்றுக்கிரக உயிரியின் படம் இருக்கும். 32 சொற்களைச் சரியாக வாசித்தால் எதிர்பார்த்த நிலை.

இங்கிலாந்து அவ்வாறு செய்வதற்குக் காரணம் உண்டு. ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’ என மூன்று விதமாக ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள் மூன்றும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. அத்தகைய மொழியில் குழந்தை சொல்லின் முழு வடிவத்தை மனப்பாடமாகப் பிடித்துவைத்திருக்கிறதா, எழுத்தைக் கூட்டி வாசிக்கிறதா என்று அறிய, அது முன்பின் பார்த்திராத பொய்ச்சொல் ஒன்று தேவைப்படுகிறது. ஃபிலிப் செய்மோரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2003இல் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு முடிவில் பெரும்பாலான மொழிகளின் குழந்தைகள் பழகிய சொற்களைப் பெரிதும் பிழையின்றி வாசித்தனர். ஆங்கிலம் வாசித்த குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். வாசிப்பின் அடித்தளத்தை எட்ட அவர்களுக்கு இரு மடங்குக்கும் மேற்பட்ட காலம் பிடிக்கும் என்பது அவ்வாய்வின் கணிப்பு. 2008இல் டேவிட் ஷேர் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. உலக எழுத்துமுறைகளுள் விதிவிலக்கான ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சிக்கல்களையே வாசிப்பின் பொதுவிதிகளாக ஆய்வுலகம் எண்ணிவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இவ்விரண்டு கட்டுரைகளும் நம் பாடத்திட்டத்தில் இருப்பவை. தேர்வில் விடை எழுதுகிறோம். பிறகு பயிலரங்குக்குச் சென்று, ஜாலி ஃபோனிக்ஸ் புத்தகத்தின் வரிசையைத் தமிழுக்கு எப்படித் தழுவுவது என்று கலந்துரையாடுகிறோம்.

முதலில் அலகைப் பார்ப்போம். ‘படம்’ என்னும் சொல்லின் முதல் ஒலி எது என்று கேட்டால் தமிழ்க் குழந்தை ‘ப’ என்கிறது. விடைத்தாளில் எதிர்பார்க்கப்படுவது ‘ப்’. குழந்தைக்கு ஒலியன் உணர்வு இல்லை என்று பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்கிறார். ஆனால் அந்தக் குழந்தை கற்ற எழுத்துமுறையின் அலகு ‘ப’தான். மெய் அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்று தொல்காப்பியம் வகுத்த மொழியில், ஐந்து வயதுக் குழந்தை அகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மெய்யை மட்டும் தனியே நீட்ட வேண்டும் என எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. ஒலியன் உணர்வு பெரும்பாலும் அகரவரிசை எழுத்தைக் கற்பதன் விளைவாக வருவது என்பதும் புதிய செய்தியன்று. 1979இல் ஜோசே மொராய்சும் உடனாய்வாளர்களும் போர்ச்சுகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களைச் சோதித்தபோது, சொல்லின் முதலில் ஓர் ஒலியைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர்களுக்குப் பெரும்பாலும் இயலவில்லை. 1986இல் வெளிவந்த சீன ஆய்வில், சீன எழுத்தை மட்டும் கற்றவர்கள் அதே வகைச் சோதனையில் தடுமாற, உரோமன் எழுத்து வழியாகவும் கற்றவர்கள் எளிதாகச் செய்தனர். கன்னடக் குழந்தைகளைப் பற்றி சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது: எழுத்தறிவு முழுமை பெறுவதற்குத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன, ஒலியன் உணர்வும் அதனோடு மெல்லவே வளர்கிறது. ஆக, முதல் வகுப்பின் நடுவில் ‘ப்’ வரவில்லை என்பது நோய்க்குறி ஆகாது.

எழுத்தறிதல் சோதனையும் இப்படித்தான். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைப் பெரிய வடிவிலும் சிறிய வடிவிலும் கட்டத்தில் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் 247 எழுத்துகள் என்கிறோம். குழந்தை அவற்றைத் தனித்தனி உருக்களாகக் கற்பதில்லை. உயிர்மெய்யின் அமைப்பைக் கற்கிறது. அமைப்பு எங்கே சீராக இருக்கிறதோ அங்கே விரைவாகவும், எங்கே குலைகிறதோ அங்கே மெதுவாகவும் கற்கிறது. ஆகார, ஐகார, ஒகர, ஓகாரக் குறிகளில் இருந்த குலைவுகளை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் சரிசெய்தது. உகர, ஊகார வரிசைகள் தப்பிவிட்டன. கு, சு, து, நு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு. கெ, கே, கை ஆகியவற்றிலோ பின்னே ஒலிப்பதன் குறி முன்னே நிற்கிறது. கொ, கோ இரண்டிலும் இருபுறமும் நிற்கிறது. ஒரு குழந்தைக்கு 40 எழுத்துகளைக் காட்டி 22 தெரிகின்றன என்று எழுதுவதால் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை. கொம்புக் குறிகளில் இடறுகிறது, உகரத்தில் இடறுகிறது என்று எழுதினால் மறுநாள் காலை என்ன கற்பிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பொருளற்ற சொல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது கேலிக்கூத்து. ககரத்துக்குத் தமிழில் ஒரே வரிவடிவம். இடத்துக்கேற்ப ஒலிப்பு மாறும். இதைக் கால்டுவெல் 1856இலேயே விதியாக எழுதிவிட்டார். ஆதலால் நம் எழுத்தில் பொய்ச்சொல்லை வாசிக்கும் குழந்தை, அச்சொல் மொழியில் இருந்தால் எப்படி ஒலிக்கும் என்று தீர்மானித்தாக வேண்டும். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லும் செயலைவிட இது கூடுதலான செயல். போதாக்குறைக்கு, டகரத்திலும் ளகரத்திலும் தொடங்கும் பொய்ச்சொற்களை ஆக்கித் தருகிறார்கள். மொழிமுதல் எழுத்துகள் எவை என்று நன்னூலைப் புரட்டிப் பார்க்கவும் நேரமில்லாதவர்கள் சோதனைத்தாள் ஆக்க வரக்கூடாது.

இனி நிமிடக் கணக்கு. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகளில், இரண்டாம் வகுப்புக் குழந்தை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களும், மூன்றாம் வகுப்புக் குழந்தை குறைந்தது 60 சொற்களும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று உள்ளது. ‘பொருளுணர்ந்து’ என்று சேர்த்திருக்கிறார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் எந்த மொழியின் சொல்?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அவன் வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்.’ தமிழில் மூன்று சொற்கள். இந்தியில் ‘வஹ் கர் ஸே ஆ ரஹா ஹை’: ஆறு சொற்கள். மராத்தியில் ‘தோ கரூன் யேத் ஆஹே’: நான்கு சொற்கள். எழுத்துகளை எண்ணினால் கதை தலைகீழாகிறது. இந்தி வாக்கியத்தின் ஆறு சொற்களும் தேவநாகரியில் 9 எழுத்துகளில் அடங்கிவிடுகின்றன. மராத்தியின் நான்கும் 8 எழுத்துகளில். தமிழின் மூன்று சொற்களுக்கோ 21 எழுத்துகள்; புள்ளி வைத்தவற்றை நீக்கி எண்ணினாலும் 14. ஒரே செய்தியை வாசித்து முடித்த மூன்று குழந்தைகளுள் இந்திக் குழந்தை ஆறு மதிப்பெண் பெறுகிறது, தமிழ்க் குழந்தை மூன்று பெறுகிறது. உழைப்போ தமிழ்க் குழந்தைக்கு அதிகம். மூன்றாம் வகுப்புப் பத்தியில் இத்தகைய நெடுஞ்சொற்கள் வரிசையாக வாரா என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் குட்டையான சொற்களாகத் தேடிப்பிடித்து எழுதிய பத்தி, வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிவரும் இயல்பான தமிழ் வாசிப்பை அளக்காது. சொல்லை எண்ணும் வரை இவ்விரண்டு இக்கட்டுகளில் ஒன்றில் சிக்கியே ஆகவேண்டும்.

இதைத் தில்லியில் எவரும் அறியவில்லை என்பதில்லை. 2022 மார்ச்சில் என்.சி.இ.ஆர்.டி. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளுக்குத் தனித்தனியே வாசிப்பு அளவுகளை வகுத்தது. மொழிக்கு மொழி அளவு மாறும் என்பதை அரசு நிறுவனமே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. ஒப்புக்கொண்ட பிறகும் இலக்கில் அந்த ஒற்றை எண் அப்படியே நிற்கிறது. சுவரில் எழுதிய எண்ணுக்கு ஆய்வறிக்கையைவிட வலிமை அதிகம் போலும்.

இதுவரை சொன்னது ஒரே மொழிக்குள் வாழும் குழந்தையைப் பற்றி. நான் குடியிருக்கும் புனேயின் போபோடியில் அப்படிப்பட்ட குழந்தையைக் காண்பது அரிது. பக்கத்திலுள்ள கட்கியின் இராணுவப் பாளையத்தையும் வெடிபொருள் தொழிற்சாலையையும் இரயில்வேயையும் நம்பி வந்து தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே உள்ளன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சு, பள்ளியில் மராத்தி அல்லது ஆங்கிலம். எங்கள் சந்தில் இரண்டாம் வகுப்பில் மராத்தி வழி படிக்கும் ஒரு சிறுமியின் வாசிப்பு நிலை ‘எழுத்து’ என்று குறிக்கப்பட்டிருந்தது. அதாவது, சொல் நிலையை இன்னும் எட்டவில்லை. “இவளுக்குப் படிப்பு ஏறலைன்னு சொல்லிட்டாங்க தம்பி” என்றார் அவளுடைய தாய்.

அவளிடம் படங்களோடு சில மராத்திச் சொற்களைத் தந்தேன். வீட்டைக் குறிக்கும் மராத்திச் சொல்லின் முதலெழுத்து ஒலிப்புடைய மூச்சொலி. அவள் அதை ‘கர்’ என்று, மூச்சும் ஒலிப்பும் இன்றி வாசித்தாள். அப்படி வாசித்தால் மராத்தியில் ‘செய்’ என்று பொருளாகிவிடும். ஆனால் அவள் விரல் வீட்டுப் படத்தின் மேல் இருந்தது. அடுத்த சொல்லைப் ‘பாத்’ என்று வாசித்துவிட்டு, நான் கேட்காமலே “சோறு” என்றாள். சன்னலைக் குறிக்கும் சொல்லை வாசித்துவிட்டு என் அறையின் சன்னலைக் காட்டினாள். எழுத்தைப் பார்த்து, சொல்லை அடைந்து, பொருளைத் தொட்டு, இன்னொரு மொழியில் பெயர்த்தும் சொல்லிவிட்ட குழந்தை ‘எழுத்து’ நிலையில் இருக்கிறதாம்.

நடந்தது மொழியியல் முதலாண்டு மாணவருக்கும் புரியக்கூடியது. மராத்தியில் வல்லினத்தின் ஒவ்வோர் இனத்திலும் நான்கு ஒலியன்கள், தமிழில் ஒன்று. அந்த நான்கையும் அவள் கண் பிரித்தறிகிறது, நாக்கு இன்னும் பிரிக்கவில்லை. அது உச்சரிப்பு, வாசிப்பு வேறு. (மராத்தியின் ளகரத்தை அவள் அப்பழுக்கில்லாமல் ஒலிக்கிறாள், இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் பலர் அதில் தடுமாறுகின்றனர். அதற்கெனத் தனிக் கட்டம் எந்தத் தாளிலும் இல்லை.) இவ்வூரின் பெயரையே ஆங்கிலேயர் ‘கிர்க்கீ’ என்று எழுதினார்கள், பேசினார்கள், 1817இன் போரையும் அப்பெயராலேயே வரலாற்றில் பதித்தார்கள். அவர்களை எவரும் கீழ்நிலைக் குழுவில் உட்கார வைக்கவில்லை.

வேடிக்கை என்னவெனில், நாம் பின்பற்றுவதாகச் சொல்லும் மூலங்களில் இதற்கு விடை இருக்கிறது. விடையை ஏற்பதா என்று முடிவுசெய்யும்போது குழந்தையின் வட்டார உச்சரிப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்துச் சோதனையின் வழிகாட்டுதல் ஆசிரியருக்குச் சொல்கிறது. எக்ரா கையேடும் வட்டார உச்சரிப்புக்காக மதிப்பெண் குறைப்பதை ஏற்பதில்லை. சோதனையைப் பெயர்த்தவர்கள் கடிகாரத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். இந்த வரிகளை வழியில் எங்கோ விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் தமிழ் வழி படிக்கும் குழந்தைக்கு இச்சிக்கல் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அங்கே இரட்டை வழக்கு அதே வேலையைச் செய்கிறது. ‘இருக்கிறது’ என்று அச்சிட்டிருப்பதைக் குழந்தை ‘இருக்கு’ என்று வாசித்தால் ஒரு சொல் பிழை. உண்மையில் அக்குழந்தை எழுத்தை வாசித்து, பொருளை அறிந்து, தன் பேச்சில் திருப்பித் தந்திருக்கிறது. தடுமாறித் தடுமாறி ‘இ-ரு-க்-கி-ற-து’ என்று முடிக்கும் குழந்தைக்கு மதிப்பெண், அதைக் கடந்து சென்றுவிட்ட குழந்தைக்குக் கழித்தல். எழுத்து மொழிக்கே உரிய ஒலியன்கள் வரும் சோதனைகளில் அரபுக் குழந்தைகள் கூடுதலாக இடறுவதை எலினோர் சயேக்-ஹதாத் 2003இலேயே காட்டியிருக்கிறார். தமிழுக்கு அத்தகைய ஆய்வை விரிவாகச் செய்ய வேண்டியவர்கள் நாம்தாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். நிலைக்கேற்பக் கற்பிப்பது நல்ல எண்ணம், பெயர்களும் அழகு. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பாக இருப்பதன் பொருள் என்ன என்பது அந்தக் குழந்தைக்கு நன்றாகவே தெரியும். ஆகவே அந்த இடத்தில் அதனை உட்கார வைத்த அளவு பிழையற்றதாக இருந்தாக வேண்டும்.

இதை வாசிக்கும் நண்பர்களுள் ஒரு சாரார், ‘அப்படியானால் சிறு குழந்தைகளை அளக்கவே வேண்டாம்’ என்று என்னோடு கைகோக்க வருவார்கள். அந்தக் கையை நான் பற்றப்போவதில்லை. 2005 முதல் பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு வீடுவீடாகச் சென்று, ஒரு தாளைக் காட்டி, எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று குழந்தைகளை வாசிக்க வைத்திராவிட்டால், பள்ளியில் ஐந்தாண்டுகள் அமர்ந்தும் ஒரு பத்தி வாசிக்க இயலாத குழந்தைகள் நாட்டில் எத்தனை பெரும் எண்ணிக்கையில் உள்ளனர் என்பது பேசுபொருளாகியே இருக்காது. சேர்க்கை விகிதத்தைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருப்போம். அளக்காமல் விட்டால் முதலில் மறைந்துபோவது ஏழைக் குழந்தையின் சிக்கல்தான். வசதியுள்ள வீட்டில் அதைக் கவனிக்க ஆள் உண்டு. அசரின் அளவுகோல் கரடுமுரடானது. அதைச் செய்தவர்களும் அதனை நாட்டின் நிலையறியும் கருவியாகவே முன்வைத்தனர். அதே கரடுமுரடான படிநிலையைத் தனிக் குழந்தையின் நெற்றியில் ஒட்டுவதில்தான் தவறு நேர்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. ஒரே வகுப்பில் நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு, கணினியில் பதிவேற்ற நாள் குறித்திருக்கும் ஆசிரியர், கொம்புக் குறியில் இடறுகிறதா மூச்சொலியில் இடறுகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா? முடியும் என்றே சொல்வேன். ஏனெனில் அவர் அதை ஏற்கெனவே அறிவார். எந்தக் குழந்தை எந்த எழுத்தில் நிற்கும் என்று நல்ல தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள். நம் ஆய்வேடுகளில் இல்லாத நுட்பம் வரும். அவரிடம் உள்ள அறிவை எழுத இடமில்லாத தாளை நாம் தந்திருக்கிறோம். கர்நாடகத்தின் யாத்கீரிலும் இம்மாநிலத்தின் பால்கர் மாவட்டத்து வாடாவிலும் குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஷைலஜா மேனனும் குழுவினரும் செய்த ‘லிரில்’ ஆய்வு, பாடநூல் கருதும் வேகத்துக்கும் குழந்தைகள் எழுத்துகளைக் கைக்கொள்ளும் வேகத்துக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளியை விரிவாகக் காட்டியது. வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்ததால் கிடைத்த அறிவு அது.

நான் கேட்பவை பெரிய சீர்திருத்தங்கள் ஆகா. எழுத்தைச் சோதித்தால் உயிர்மெய்க் குறிகளின் வகைப்படி சோதியுங்கள். வேகத்தை அளந்துதான் ஆகவேண்டுமெனில் சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள். புள்ளியெழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முதலில் முடிவுசெய்து எழுதிவையுங்கள். பொருளைக் கேட்கும் கேள்வியைப் பேச்சு மொழியில் கேளுங்கள், விடையைக் குழந்தையின் வீட்டு மொழியிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பல மொழி வாழும் போபோடி போன்ற இடங்களில் படத்தைச் சுட்டும் விரலையும் விடையாக எண்ணுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சரி, தவறு என்னும் இரு கட்டங்களுக்கு அருகே மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: குழந்தை உண்மையில் என்ன சொன்னது என்று எழுத. ‘கர்’, ‘இருக்கு’, ‘ப’ என்று அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்தத் தாளைப் பார்க்கும் மொழியியல் மாணவர் எவரும் இரண்டு நிமிடத்தில் பிழையையும் உச்சரிப்பையும் பிரித்துவிடுவார்.

அந்த மூன்றாம் கட்டத்தோடு தமிழுக்கும் மராத்திக்கும் ஒரு மாதிரித் தாளை ஆக்கியிருக்கிறேன். முதல் இரு வகுப்புகளுக்கு மட்டும். இன்னும் செப்பம் செய்ய வேண்டியது. தொடக்கப் பள்ளியில் கற்பிப்போரும் ஆசிரியப் பயிற்சியில் இருப்போரும் உட்பெட்டியில் கேட்டால் அனுப்புகிறேன். பயன்படுத்திப் பார்த்தபின் நிரம்பிய தாள்களைக் குழந்தைகளின் பெயரை நீக்கிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சிறுமியின் தாள் என்னிடம் இருக்கிறது. அவளுடைய தாய் அதை வகுப்பாசிரியரிடம் காட்ட அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறார்.